குளுக்கோஸ் சோதனையில் மறைக்கப்பட்ட நொதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நொதிகளைப் போலச் செயல்படும் மிக நுண்ணிய செயற்கைத் துகள்களான நானோ நொதிகள் பற்றிய கட்டுரை, 'இனி இயற்கை நொதிகளுக்கு வேலையில்லை' என்று முடிந்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உயிர்வேதியியல் கற்பித்து வரும் என்னால் அந்த வரியைக் கடந்துபோக முடியவில்லை.

வினைத்திறன் அற்றவை என்று கருதப்பட்டுவந்த இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு பிற பொருள்களை ஆக்சிஜனேற்றம் செய்யும் பெராக்சிடேஸ் நொதியைப் போலச் செயல்படுகின்றன என்று 2007-இல் சீனாவில் யான் சியுன் குழுவினர் காட்டியது எத்தகைய கண்டுபிடிப்பு என்பதைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சூட்டில் குலைந்துபோகும் நொதிக்குப் பதிலாக, சூட்டைத் தாங்கி, காந்தத்தால் திரட்டி மீண்டும் பயன்படுத்தக்கூடிய ஒரு துகள் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் கட்டுரையாளர் சான்றாகக் காட்டிய, நிறமாற்றத்தால் குளுக்கோஸை அறியும் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குளுக்கோஸை இனங்கண்டு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவது குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் இயற்கை நொதி; அந்தப் பெராக்சைடைக் கொண்டு நிறத்தை வரவழைப்பது மட்டுமே இரும்புத் துகளின் பங்கு. வேலையில்லை என்று கட்டுரை விலக்கிவைத்த நொதிதான் அங்கே முதல் வேலையைச் செய்கிறது.

நிறம் வரவழைக்கும் அந்த இரண்டாம் பகுதியை மாணவர்களோடு நானே செய்து பார்த்திருக்கிறேன். அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4-இல் வைத்த கரைசல் சில நிமிடங்களில் நீலமாயிற்று. அதே துகளை, ரத்தத்தின் அளவான 7.4-க்கு அருகே வைத்தபோது நிறம் ஏறவே இல்லை. அந்நிலையில் இத்துகள் கேட்டலேஸ் நொதியைப் போல மாறி, பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடுகிறது. இடத்துக்கு இடம் தொழில் மாறும் ஒரு பொருளை, அக்கட்டுரை செய்ததுபோல, உடலுக்குள் செலுத்தும் மருந்தாகப் புகழும்போது, இதைச் சொல்லாமல் விடுவது சிறு பிழையா?

இது முதல் முறையும் அன்று. முன்பொரு கட்டுரை நொதிகளை நுண்ணுயிர்கள் என்றது; வேறொன்று நானோமீட்டரை மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று அப்போதே எழுதினேன். பதிலும் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. அந்தப் பிழைகளை விடைத்தாள்களில் சந்திக்கிறவன் நான். மதிப்பெண்ணைக் குறைத்தபோது ஒரு மாணவி தங்கள் இதழையே கொண்டுவந்து காட்டினாள். அச்சில் வந்ததும் தவறாக இருக்கலாம் என்று அவளை ஏற்கவைக்க ஒரு பாடவேளை முழுவதும் போயிற்று.

அடுத்த இதழில், குளுக்கோஸ் சோதனையில் இயற்கை நொதிக்கு உள்ள பங்கைக் குறிப்பிட்டு இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரை வந்த அதே பக்கத்தில் அது வந்தால், அந்த மாணவியிடம் காட்ட எனக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்