புகார்: ஆன்போர்டு கிராஃபிக்ஸ் கேட்டுப் பணம் கட்டியவருக்கு ‘எஃப்’ பிராசசரும் பழைய கார்டும் கொடுத்தது குறித்து

அனுப்புநர்:
வீடியோ எடிட்டிங் நிலையம்,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
ஈப்போ கிளை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஐந்து தடவை போனில் பேசியாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் படங்களோடு அனுப்பிய புகாருக்கு நீல டிக் விழுந்ததே தவிர பதில் வரவில்லை. ஈப்போவுக்கு இரண்டு நடையும் வந்து போயாயிற்று. இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்பதால் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் கேட்டது என்ன என்பதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. உங்கள் கொட்டேஷனிலேயே இருக்கிறது: இன்டெல் கோர் ஐ5-12400, எச்610 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4-3200 ராம் இரண்டு, 1 டிபி எஸ்எஸ்டி. ‘கிராஃபிக்ஸ்’ என்ற கட்டத்தில் ‘ஆன்போர்டு’ என்று, அதாவது தனிக் கார்டு இல்லாமல் மெஷினோடு வரும் கிராஃபிக்ஸ் என்று, எழுதியது உங்கள் ஆளேதான். எதற்காக வாங்குகிறேன் என்பதையும் அப்போதே சொன்னேன். கல்யாணம், கோயில் திருவிழா வீடியோ. கேமரா பதிவு 4கே, எச்.265 (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை), 10 பிட், 4:2:2 (நிற விவரம் கூடுதலாக உள்ள பதிவு). கேம் விளையாட அல்ல.

வந்து சேர்ந்த மெஷினில் இருந்தது 12400எஃப். ராம் 16 ஜிபி ஒரே ஸ்டிக். கூடவே நான் கேட்காத என்விடியா ஜிடி 730 கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று, 2 ஜிபி டிடிஆர்3. பில்லில் அதற்கு எதிரே ‘இலவச அப்கிரேட்’ என்று போட்டிருக்கிறீர்கள். பிராசசரின் பெட்டியைத் தரவே இல்லை. பெட்டி இருந்திருந்தால் அந்த ‘எஃப்’ அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

மானிட்டரை மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகினால் படம் வரவில்லை. கார்டில் செருகினால் வந்தது. டாஸ்க் மேனேஜரில் செயல்திறன் பக்கத்தைத் திறந்தால் பிராசசர் பெயர் 12400எஃப், கீழே ஒரே ஒரு ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்), அதுவும் ஜிடி 730. 12400க்குள் இருக்க வேண்டிய கிராஃபிக்ஸ் பகுதியான இன்டெல் யுஎச்டி 730 என்ற வரியே இல்லை. இருக்கவும் முடியாது. இன்டெல் எண்ணில் கடைசியில் ‘எஃப்’ வந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் வேலை செய்யாது என்று பொருள். ஆன்போர்டு கிராஃபிக்ஸ் என்று நாம் பழக்கத்தில் சொன்னாலும் இந்தக் காலத்தில் அது போர்டில் இல்லை, பிராசசருக்குள்தான் இருக்கிறது. போர்டில் இருப்பது வெறும் துளை. ‘எஃப்’ பிராசசரைப் போட்டால் அந்தத் துளைகள் எல்லாம் செத்த துளைகள். தினமும் மெஷின் கட்டி விற்கும் உங்களுக்கு இதை நான் எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறதே!

இதையெல்லாம் முதல் அழைப்பிலேயே சொல்லிவிட்டேன். அதற்கு உங்கள் ஆள் கொடுத்த பதில்: “மானிட்டர் கோளாறா இருக்கும் அண்ணே, கேபிளா இருக்கும். எல்லாத்தையும் தூக்கிட்டு வாங்க. ஃபுல் செட் இல்லன்னா வாரண்டி கிளெய்ம் எடுக்க மாட்டோம்.” கார்டில் செருகினால் அதே மானிட்டரில், அதே கேபிளில் படம் வருகிறது என்று நான் சொன்னது அவர் காதிலேயே ஏறவில்லை. சரி, விதி அப்படியென்றால் அப்படியே என்று சிபியு, 27 அங்குல மானிட்டர், கேபிள், பில் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு ஈப்போ வந்தேன். போக வர ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். கடையை ஒரு நாள் சாத்தி வைத்தேன்.

கவுண்டரில் இருந்தவர் பக்கவாட்டு மூடியைக்கூடக் கழற்றவில்லை. மானிட்டரைக் கார்டில் செருகினார், படம் வந்தது. “ஓகே தானே அண்ணே? என்ன பிரச்சினை?” என்றார். பிராசசர் ‘எஃப்’, நான் கேட்டது ‘எஃப்’ இல்லாதது என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எஃப்னா ஃபாஸ்ட் லா அண்ணே. கூட நல்ல சாமான் குடுத்திருக்கோம்.”

எஃப் என்றால் ஃபாஸ்டா? ஐயா, இரண்டுக்கும் அதே ஆறு கோர், அதே வேகம். வித்தியாசம் கிராஃபிக்ஸ் இல்லாததில்தான். அதனால்தான் எஃப் பொதுவாக மலிவாக விற்கிறது. பக்கத்தில் நான்கைந்து பேர் நிற்கும்போது அவர் மேலும் சொன்னார்: “ஆன்போர்டு ஓசியில வர்றது. கார்டு காசு போட்டு வாங்கறது. கார்டு குடுத்ததுக்குச் சண்டை போடற மொதல் ஆளு நீங்கதான்.” சொல்லிவிட்டு, சோதித்துப் பார்த்த கூலி என்று 50 ரிங்கிட்டும் வாங்கிக்கொண்டார். மூடியைத் திறக்காத சோதனைக்கு 50 ரிங்கிட்! ரசீது என்னிடம் இருக்கிறது.

தனிக் கார்டு என்றாலே உசத்தி என்று உங்கள் கவுண்டரில் நினைக்கிறார்கள். எந்தக் கார்டு என்பதைப் பொறுத்தது அது. ஜிடி 730 வெளிவந்தது 2014இல். உங்கள் 64 பிட் டிடிஆர்3 கார்டின் நினைவக வேகம் விநாடிக்கு 14.4 ஜிபி. நான் கேட்டபடி டிடிஆர்4-3200 ஸ்டிக் இரண்டு போட்டால் ஆன்போர்டு பகுதிக்கும் பிராசசருக்கும் சேர்த்துக் கிடைப்பது 51.2 ஜிபி. நீங்கள் போட்டிருக்கும் ஒற்றை ஸ்டிக்கில் அது பாதியாகி 25.6 ஆகிறது. “பதினாறுன்னா பதினாறுதான்” என்று உங்கள் டெக்னீஷியன் சொன்னார். அளவில் பதினாறுதான், பாதையில் பாதிதான். ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ராமைத்தான் கடன் வாங்கும். அதற்காகத்தான் இரண்டு ஸ்டிக் என்று எண்ணிக்கை போட்டே கேட்டேன்.

அந்தக் கார்டு ‘கெப்லர்’ என்ற என்விடியாவின் பழைய சிப் வகை. அதற்குப் புது கேம் ரெடி டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2021 அக்டோபரோடு நின்றுவிட்டன. பாதுகாப்புத் திருத்தங்களும் 2024 செப்டம்பர் வரைதான் என்று தயாரிப்பாளரே அறிவித்துவிட்டார். சுருக்கி வைத்த எச்.265 பதிவைப் பிரித்துக் காட்டும் மின்சுற்று அதில் இல்லவே இல்லை. எடிட்டிங் மென்பொருள் டிரைவர் பழையது என்று எச்சரித்துவிட்டு மென்பொருள் வழி ரெண்டரிங்கை மட்டும் காட்டுகிறது. எச்டிஎம்ஐ 1.4 என்பதால் 4கே மானிட்டரில் 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 30 படத்துக்கு, மேல் ஏறாது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி விட்டுவிட்டுத் தாவுகிறது. நாள் முழுக்க அதைப் பார்த்து வேலை செய்கிறவன் கண் என்னவாகும் என்று யோசித்தீர்களா?

நான் கேட்ட 12400இல் என்ன இருந்திருக்கும் தெரியுமா? குவிக் சிங்க். அதாவது வீடியோவைப் பிரிக்கவும் சுருக்கவும் யுஎச்டி 730க்குள் இருக்கும் தனி மின்சுற்று. எச்.265 10 பிட் 4:2:2 பதிவை அது பிராசசருக்குச் சுமை தராமல் பிரித்துவிடும். என்விடியா கார்டுகளில் 4:2:2க்கான அந்த வசதி 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதற்கு முந்தைய விலை உயர்ந்த கார்டுகளில்கூட இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஆன்போர்டு வேண்டும் என்றேன். கஞ்சத்தனத்தால் அல்ல. இப்போது டைம்லைனை ஓட்டினால் ஆறு கோரும் 100 விழுக்காட்டில் போய் நிற்கின்றன, படம் நொண்டுகிறது. எல்லா கிளிப்பையும் முதலில் பிராக்ஸியாக (எடிட் செய்ய எளிதான இலகு நகலாக) மாற்றிவிட்டுத்தான் வெட்ட உட்கார முடிகிறது. ஒரு கல்யாணத்துக்கு அரை நாள் அதிலேயே போய்விடுகிறது.

தனிக் கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேம், முப்பரிமாண வேலை, வீடியோவில் புள்ளி இரைச்சலை நீக்குவது, ஏஐ கருவிகள், இதற்கெல்லாம் கார்டு வேண்டும். ஆனால் அப்போதும் ‘எஃப்’ இல்லாத பிராசசரைப் போட்டு, பயோஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) உள் கிராஃபிக்ஸை எனேபிள் செய்து, இரண்டையும் சேர்த்து ஓட விடுவதுதான் எடிட்டிங்குக்குச் சரி. பதிவைப் பிரிப்பது இன்டெல், எஃபெக்ட் போடுவது கார்டு. பவர் சப்ளை சிறியது என்றால் தனிப் பவர் கேபிள் தேவைப்படாத ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்றது இருக்கிறது, 70 வாட்தான். ஸ்டோரில் தேங்கிக் கிடந்த ஜிடி 730ஐ ஒருவர் தலையில் கட்டிவிட்டு அதை அப்கிரேட் என்று எழுதுவது நியாயமா?

இரண்டாவது நடையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மேனேஜர் சனிக்கிழமை இருப்பார் என்று போனில் சொன்னவர் உங்கள் ஆள்தான். சனிக்கிழமை வந்தேன், மேனேஜர் லீவு. அதே கவுண்டர், அதே ‘எஃப்னா ஃபாஸ்ட்’ ஆள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “ஆன்போர்டு அண்ணன் வந்துட்டாரு” என்றார். அந்த வார்த்தையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. மகனே தம்பி என்று மரியாதையாகப் பேசிய எனக்கு உங்கள் கடையில் கிடைத்த பெயர் அது.

இதனால் எனக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு அளவே இல்லை. தை மாதக் கல்யாண சீசன் முழுவதும் பாழாகிவிட்டது. லிந்தாங், எல்பில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குச் சொன்ன தேதியில் ஒரு வீடியோவைக்கூடக் கொடுக்க முடியவில்லை. சின்ன ஊர் இது. ஒருவர் குறை சொன்னால் மறுநாள் சந்தை முழுக்கத் தெரியும். பத்தாயிரம் ரிங்கிட் கொடுத்தாலும் போன பெயர் திரும்பாது.

ஆனாலும் நான் பத்தாயிரம் கேட்கவில்லை. கேட்பது இவ்வளவுதான். 12400எஃப்பை எடுத்துக்கொண்டு கொட்டேஷனில் உள்ள 12400ஐ, பெட்டியோடு, போட்டுத் தாருங்கள். பிராசசர் உட்காரும் சாக்கெட் அதே எல்ஜிஏ 1700, போர்டை மாற்ற வேண்டியதில்லை. கூலரின் நான்கு பின்களைத் திருப்பிக் கழற்றி, பழைய வெப்பப் பேஸ்டைத் துடைத்து, பிராசசரை மாற்றி, புதுப் பேஸ்ட் வைத்து மூடினால் அரை மணி நேர வேலை. பழைய என்விடியா டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு இன்டெல் டிரைவரைப் போடுங்கள். இல்லையென்றால் மறுபடியும் “மானிட்டர் கோளாறு” என்பீர்கள். ஜிடி 730ஐத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம். ராமில் 8 ஜிபி இரண்டு தாருங்கள். அல்லது இப்போதுள்ள 16க்கு அதே வகையில் இன்னொரு 16ஐப் போட்டால், கொட்டேஷனுக்கு மேலான விலையை நானே தருகிறேன். சோதனைக் கூலி 50 ரிங்கிட்டைத் திருப்பிக் கொடுங்கள். வேலை சுங்கை சிப்புட்டில், என் கடையில் நடக்க வேண்டும். மூன்றாவது நடைக்கு நான் தயாராக இல்லை.

உங்கள் நிறுவனத்தின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை. பேசித் தீர்த்துக்கொள்ளவே விரும்புகிறேன். ஆனால் இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் தேதி குறித்துப் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் போரங் 1 (கோரிக்கைப் படிவம்) நிரப்பிக் கொடுப்பேன். கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சொன்ன வேலைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்கிறது. 34ஆம் பிரிவு, விவரித்தபடியே பொருள் இருக்க வேண்டும் என்கிறது. என் வேலையை முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்கிறேன், விவரிப்பு உங்கள் கொட்டேஷனில் இருக்கிறது. அங்கே வந்து எஃப் என்றால் ஃபாஸ்ட் என்று உங்கள் ஆள் சொல்லட்டும்.

கொட்டேஷன், பில், 50 ரிங்கிட் ரசீது, டாஸ்க் மேனேஜர் படம், கார்டின் பின்பக்க ஸ்டிக்கர் படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். டெக்னீஷியன் வருவதற்கு முந்தைய நாளே போன் செய்யச் சொல்லுங்கள், வேலையில் இருக்கும் ஃபைல்களை நகல் எடுத்து வைக்க வேண்டும். அந்தக் கவுண்டர் ஆளை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சுங்கை சிப்புட்.