அங்கன்வாடிக்கு இன்னொரு டீச்சர் வேண்டும்

தமிழ்நாடு அரசின் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் சின்ன மகள் எங்கள் தெரு அங்கன்வாடிக்குப் போகிறாள். அதனால் இந்த மடலில் கொஞ்சம் சுயநலமும் உண்டு.

கேட்க வந்தது ஒன்றுதான். ஒவ்வொரு மையத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கென்றே அரை நாள் வேலையில் ஒருவரை அமர்த்துங்கள். இது நானாக யோசித்துச் சொல்வதல்ல. நம் மாநிலத்திலேயே, அரசின் ஒத்துழைப்போடு செய்து பார்த்தது. பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் அவருடன் இன்னும் இரண்டு ஆய்வாளர்களும் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களில் மட்டும் கூடுதலாக ஒருவரைப் போட்டார்கள். மீதி மையங்கள் பழையபடியே நடந்தன. 18 மாதம் கழித்துப் பார்த்தால், ஆள் கூடிய மையங்களில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்காகியிருந்தது. கணக்கு, மொழி இரண்டிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முந்தியிருந்தார்கள்.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு முடிவு. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தைகளும் அந்த மையங்களில் குறைந்திருந்தார்கள். புதிதாக வந்தவர் வந்தது பாடம் நடத்தத்தானே, உயரம் எப்படிக் கூடும்?

ஒரு காலைப்பொழுது மையத்தில் நின்று பார்த்தால் புரிந்துவிடும். எங்கள் டீச்சர் ஒரு பாட்டை ஆரம்பிப்பார். சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணி வருவார். அப்புறம் எடை போட ஒரு கைக்குழந்தை. நடுவில், பிள்ளைகளின் விவரங்களைப் பதியவேண்டிய போஷன் டிராக்கர் செயலி ஓடி ஓடி நிற்கும். ஆயாம்மா சமையலில் இருப்பார். பாட்டு பாதியிலேயே நின்றுபோகும், எடையும் அவசரத்தில்தான் போடப்படும். இன்னொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் டீச்சருக்குக் கை ஒழிகிறது. சத்து, எடை, தாய்மார்களோடு பேச்சு என்று தன் மற்ற வேலையை ஒழுங்காகச் செய்ய முடிகிறது. ஆய்வில் தெரிந்ததும் இதுதான்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். செலவைவிடப் பலன் பல மடங்கு என்பது அந்த ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. 1982-ல் சத்துணவை விரிவாக்கியபோதும் இதே கேள்வி எழுந்தது, திட்டம் நிற்கவில்லை.

சரி, சில பயங்களையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவரின் கையில் நாலாம் நாளே பதிவேட்டைத் திணித்துவிடுவார்கள். அப்படி நடந்தால் ஆளைப் போட்டும் பிரயோஜனம் இல்லை. அரை நாள் வேலை என்பதற்காகச் சம்பளத்தையும் அரைகுறையாக வைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் காலியிடங்களை நிரப்பிவிட்டு அதையே இந்தத் திட்டம் என்று கணக்குக் காட்டவும் வேண்டாம். மூன்று வயதுப் பிள்ளையைப் பக்கம் பக்கமாக எழுதவைக்கும் வேலையும் கூடாது. (அதைக் கேட்டு நச்சரிப்பது பெற்றோர்களாகிய நாங்கள்தான், தெரியும்.)

எல்லா மையத்துக்கும் ஒரே வருஷத்தில் முடியாது என்றால், பிள்ளைகள் அதிகம் இருக்கும் மையங்களில் தொடங்குங்கள். ஆய்வு முடிவு 2021-லேயே வெளிவந்துவிட்டது. சட்டமன்றத்தில் அடுத்த மானியக் கோரிக்கையின்போது துறையின் கொள்கை விளக்கக் குறிப்பில் இதற்கு எவ்வளவு நிதி ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று தேடிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிக் குழந்தையின் தாய்