கையெழுத்தை ஒப்படைக்கிறீர்கள், கடனை யார் ஏற்பது?

பெல்கிரேடு 2027, ரியாத் 2030 உலகக் கண்காட்சிகளில் அரங்கு அமைக்கவிருக்கும் அரசுகளின் அமைச்சர்களுக்கும் செயலாளர்களுக்கும், அவர்கள் நியமிக்கப்போகும் தலைமை ஆணையர்களுக்கும்,

வணக்கம்.

ஜப்பானின் ஒசாகா உலகக் கண்காட்சியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். எனவே முன்கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2025 ஏப்ரல் 13 முதல் அக்டோபர் 13 வரை யூமேஷிமா தீவில் கண்காட்சி நடந்தது. இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் வந்து போனார்கள். நடத்துசெலவுக் கணக்கில் 2,300 கோடி யென் முதல் 2,800 கோடி யென் வரை மிஞ்சும் என்று முடியும் தறுவாயில் அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். அதே மாதங்களில்தான், வெளிநாட்டு அரங்குகளைக் கட்டிக் கொடுத்த ஜப்பானியச் சிறு ஒப்பந்தக்காரர்கள் பாக்கிப் பணம் கேட்டு மனுவோடு அலைந்தார்கள். ஒன்றிரண்டு அரங்குகளில் மட்டும் எழுந்த புகார் அல்ல இது. உங்கள் தூதரகங்கள் அனுப்பிய அறிக்கைகளில் இதுவும் ஒரு வரியாகவாவது வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் அரங்கு அமைக்கும் தொழிலில் இருப்பவன். உங்களிடம் எனக்குள்ள கோரிக்கை ஒன்றே ஒன்று. நாட்டின் சார்பாகப் பங்கேற்கும் அதிகாரத்தை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படையுங்கள். ஆனால் அந்த அரங்கில் வேலை செய்த கடைசி ஆளுக்கும் கூலி போய்ச் சேரும் பொறுப்பை அரசே எழுத்துமூலம் ஏற்கவேண்டும்.

இந்த ஒப்படைப்பு எப்படி நடக்கிறது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமைச்சரவை சரி என்கிறது. கோப்பு ஓர் அமைச்சகத்துக்குப் போகிறது. அமைச்சகம் அதை ஒரு வாரியத்திடமோ, இதற்கென்றே தொடங்கிய ஓர் அறக்கட்டளையிடமோ, ஆலோசனை நிறுவனத்திடமோ தள்ளிவிடுகிறது. அது டெண்டர் விடுகிறது. டெண்டர் எடுத்தவர் துணை ஒப்பந்தக்காரரைப் பிடிக்கிறார், அவர் இன்னொருவரை. மேலே கொடி ஒன்றுதான், கீழே எத்தனை கை மாறியது என்று மேலே இருப்பவருக்கே தெரியாது. ஆனால் உலகக் கண்காட்சிகளுக்கு அடிப்படையான 1928ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, பங்கேற்கும் ஒவ்வொரு அரசும் தன் சார்பில் ஓர் ஆணையரை நியமிக்க வேண்டும், தன் நாட்டுப் பகுதியை அமைப்பதற்கு அவரே பொறுப்பு என்கிறது. உடன்படிக்கையில் ஒருவர் பொறுப்பு, களத்தில் ஒருவரும் இல்லை.

அந்தச் சங்கிலியின் நான்காம் கண்ணியில் இருக்கும் மனிதரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஐந்தாறு பேரை வைத்து மின்வேலையோ உள்சுவர் வேலையோ செய்பவர். மற்றக் கட்டடங்களில் வேலை ஒரு மாதம் தள்ளிப்போனால் சண்டை வரும், அவ்வளவுதான். கண்காட்சியில் திறப்பு நாள் நகராது. 2023 கோடை வரை பல நாடுகளுக்கு ஒசாகாவில் கட்டுநரே கிடைக்கவில்லை. பொருள் விலை ஏறியிருந்தது, ஆள் பற்றாக்குறை வேறு. பெட்டி போன்ற எளிய கட்டடத்தை அமைப்பாளர்களே கட்டித் தருகிறோம், செலவை நீங்கள் ஏற்றால் போதும் என்று ஒரு மாற்றுவழியை முன்வைக்கும் நிலை வந்தது. 2024 ஏப்ரலில் ஜப்பானின் கட்டுமானத் துறைக்கு மிகைநேர வேலை உச்சவரம்பு அமலுக்கு வந்தது. அதிலிருந்து கண்காட்சி வேலைக்கு விலக்கு கேட்ட பேச்சுகூட எழுந்து, கண்டனத்துக்கு ஆளானது. உங்கள் கோப்புகள் மேசை மேசையாக நகர்ந்த மாதங்களை எல்லாம் கடைசியில் இந்த மனிதர் இரவு வேலையாகச் செய்து ஈடுகட்டினார்.

ஆட்களுக்குக் கூலியை அவர் கையிலிருந்து கொடுத்தார், கம்பியும் பலகையும் கடனில் வாங்கினார். நடுவில் வரைபடம் மாறும். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகத்தான் வரும், எழுதிக் கேட்க நின்றால் திறப்பு நாள் போய்விடும். அரங்கு திறந்து, ரிப்பன் வெட்டி, படம் எடுத்து முடிந்த பிறகு பில்லை நீட்டினால், மாற்றச் சொன்னதற்கு எழுத்து எங்கே என்று கேட்பார்கள். இல்லாவிட்டால் வேலை தாமதம், குறை இருக்கிறது என்பார்கள். கண்காட்சி அமைப்பாளர்களிடம் போனால் இது தனியாருக்கு இடையிலான தகராறு. அரங்கு அலுவலகத்தில் கேட்டால், எங்கள் ஒப்பந்தம் முதன்மை நிறுவனத்தோடுதான், உங்களை எங்களுக்குத் தெரியாது. முதன்மை நிறுவனமோ, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்போது அரங்கு இருக்குமா? இருக்காது. ஆறு மாதக் கண்காட்சி முடிந்ததும் கட்டடத்தை இடித்து, மனையை வெறும் தரையாகத் திருப்பித் தர வேண்டும். வீடு கட்டியவருக்குப் பணம் வராவிட்டாலும் வீடாவது சாட்சியாக நிற்கும். இவருக்கு அதுவும் இல்லை.

அரசுமீது வழக்குப் போடலாமே என்று சொல்லாதீர்கள். அயல்நாட்டு அரசை நீதிமன்றத்துக்கு இழுக்க எவ்வளவு செலவாகும், எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் ஒப்பந்தங்களே எழுதப்படுகின்றனவோ என்றுகூடச் சில நேரம் சந்தேகம் வருகிறது.

ஏழை நாடுகளின் சிக்கல் இது என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவைப் பாருங்கள். 1967இல் மான்ட்ரியலில் அரசு நிறுவனமே முன்னின்று, வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரைக் கொண்டு ஒரு மாபெரும் குவிமாடத்தை எழுப்பியது. அதன் எலும்புக்கூடு இன்றும் நிற்கிறது. 1990களின் இறுதியில், அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் இதற்கென்றே வெளிப்படையாக ஒதுக்காத பணத்தைக் கண்காட்சி அரங்குக்கு வெளியுறவுத் துறை செலவழிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதிகாரம் அரசிடம், பணம் தேடும் வேலை தனியாரிடம். 2000இல் ஹானோவரில் அந்த நாடு கலந்துகொள்ளவே இல்லை. 2001இல் கண்காட்சிகளின் பன்னாட்டு அமைப்பிலிருந்தும் விலகி, 2017இல்தான் திரும்பி வந்தது. ஷாங்காய் 2010க்காக வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டனே நன்கொடை திரட்ட இறங்க, பெருநிறுவனங்களிடமிருந்து 6 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. துபாய் கண்காட்சியில் அதுவும் நடக்கவில்லை. விருந்தாளியின் அரங்குச் செலவை அழைத்த அமீரகமே ஏற்றது. விண்வெளிக்கு ஆள் அனுப்பும் வல்லரசு, ஒரு கூடாரம் போட வீட்டுக்காரரிடம் கை நீட்டியது. அதைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் மற்ற அரசுகளும் இல்லை.

எல்லோருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் பொறுப்பு தவறுவதே கிடையாது. தேசிய நாள்! ஒவ்வொரு நாட்டுக்கும் கண்காட்சியில் ஒரு நாள் ஒதுக்குவார்கள். அன்று கொடி ஏறும், நாட்டுப்பண் ஒலிக்கும், மேடையில் முதல் வரிசை நிரம்பிவிடும். அந்த நாளைக்கான அதிகாரத்தை எந்த அமைச்சரும் எந்த அறக்கட்டளைக்கும் ஒப்படைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெருமையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பில்லை மட்டும் ஐந்து கை தள்ளி வைக்கும் கலையில் தேர்ச்சி பெற்றவர்கள்...

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஒப்படைப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. அமைச்சகத்தில் இருப்பவருக்கு விளக்கு எங்கே தொங்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்களிடம் கொடுப்பதுதான் முறை. ஆனால் கொடுக்கும் அந்த ஆணையிலேயே சில வரிகள் சேருங்கள். முதன்மை நிறுவனத்திடமிருந்து வங்கி உத்தரவாதம் வாங்குங்கள், அது கீழே உள்ளவர்களின் பாக்கிக்கும் பொருந்தட்டும். மேலே பணம் போய்க் கீழே வராவிட்டால், அரசே நேரடியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு அந்த நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளும் உரிமையை எழுதி வையுங்கள். வரைபட மாற்றத்துக்கு அன்றன்றே கையெழுத்துப் போட ஒருவரைக் களத்தில் நிறுத்துங்கள். கண்காட்சிக்கென்று தொடங்கிய அமைப்பை, கடைசி பில் தீரும்வரை கலைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆணையைக் கடைசி நேரத்தில் போடாதீர்கள். தாமதமாகப் பிறக்கும் ஆணைதான் வாய்ச்சொல் ஒப்பந்தங்களைப் பெற்றுப் போடுகிறது.

பெல்கிரேடு கண்காட்சி 2027 மே 15 அன்று தொடங்குகிறது. மூன்று மாதக் கண்காட்சிதான், ஆனாலும் அங்கேயும் திறப்பு நாள் நகராது. அங்கே பலகை தூக்கப்போகும் ஆட்களை எந்த நாட்டிலிருந்து யார் அழைத்து வருவார்கள் என்று இப்போதே உங்களால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆகவே ஆள் யார் என்று தெரிவதற்கு முன்பே கூலிக்குப் பொறுப்பு யார் என்பதை முடிவு செய்துவிடுங்கள். அரங்கு வேலைக்கு டெண்டர் விடுவதற்கு முன், கூலி பாக்கிக்கு அரசே பொறுப்பு என்ற வரியோடு ஒப்படைப்பு ஆணையை வெளியிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரங்குத் தொழிலாளி ஒருவன்