கஞ்சாவும் அடிமையாக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கஞ்சா பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். மருத்துவப் பயன்களைச் சொன்ன பகுதி பயனுள்ளதாக இருந்தது. ஆனால் போகிற போக்கில், "கஞ்சா யாரையும் அடிமையாக்குவதில்லை, அது வெறும் மனப்பழக்கம்தான்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

அந்த வரி தவறு. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் டிஎஸ்எம்-5 கையேட்டில் கஞ்சா பயன்பாட்டுக் கோளாறுக்கு 11 அறிகுறிகள் தரப்பட்டுள்ளன. நினைத்ததைவிட அதிகம் புகைப்பது, விட முயன்றும் முடியாமல் போவது, வேலையும் வீடும் கெடுவது தெரிந்தும் தொடர்வது என்று போகிறது அந்தப் பட்டியல். ஓராண்டுக்குள் இவற்றில் இரண்டு இருந்தாலே கோளாறு என்கிறார்கள். நிறுத்தியதும் வரும் உபாதைகளையும் அதே கையேடு தனியாக அங்கீகரித்திருக்கிறது.

அந்த உபாதைகளை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள். என் தம்பி பல வருடங்கள் தினமும் புகைத்தவன். "எப்ப வேணும்னாலும் விட்டுடுவேன்" என்பான். ஒரு நாள் நிஜமாகவே விட்டான். அடுத்த சில இரவுகள் தூக்கமே இல்லை. கண் அயர்ந்தால் பயங்கரக் கனவு, போர்வை நனையும் அளவுக்கு வியர்வை. சாப்பாட்டைத் தொட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினான். டம்ளர் வைக்கும் சத்தத்துக்குக் கூட எரிந்து விழுந்தான். கஞ்சாவை விட்டால் ஒன்றும் ஆகாது என்றுதான் அவன் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் அவன் என்ன முடிவுக்கு வந்தான் தெரியுமா? தனக்கு இயல்பிலேயே பதற்ற நோய் இருக்கிறது, கஞ்சாதான் இத்தனை நாள் அதைக் கட்டுப்படுத்தி வந்த மருந்து என்று! மறுபடி பற்ற வைத்தான், கொஞ்ச நேரத்தில் தூங்கியும் விட்டான். அந்த நிம்மதியை அவன் சாட்சியாக எடுத்துக்கொண்டான். எத்தனையோ பேர் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

உடலில் நடப்பது இதுதான். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி, மூளை செல்களில் அதை வாங்கிக்கொள்ளும் சிபி1 ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. தினமும் புகைப்பவர்களுக்கு இந்த ஏற்பிகள் குறைந்துபோகின்றன. அதனால் பழைய அளவு போதாமல் போகிறது, இல்லாவிட்டால் எரிச்சலும் தூக்கமின்மையும் வருகின்றன. டிஎச்சி கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியேறுவதால் குடியை நிறுத்தும்போது வருவதுபோல் வலிப்பு, நடுக்கம் என்று பயமுறுத்துவதில்லை. வெளியே பெரிதாகத் தெரியாததை இல்லை என்றே சொல்லிவிடுகிறோம். விட்டு நான்கு வாரங்களில் ஏற்பிகள் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்புவதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, எல்லோருமா அடிமையாகிறார்கள்? இல்லை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின்படி, கஞ்சாவைப் பயன்படுத்திப் பார்த்தவர்களில் ஏறக்குறைய 9 சதவீதம் பேர் அதைச் சார்ந்துபோனார்கள். புகையிலைக்கு அது 32 சதவீதம். பதின்ம வயதில் தொடங்குபவர்களில் ஆறில் ஒருவர் வரை என்பது அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு. ஆனால் அன்றைய கஞ்சா வேறு. அந்த நாட்டில் பிடிபட்ட கஞ்சாவில் 1995-இல் 4 சதவீதமாக இருந்த டிஎச்சி, 2014-இல் 12 சதவீதத்தை எட்டிவிட்டது. பழைய அனுபவத்தை வைத்து இன்றைய பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்வது பெரும் தவறு.

ஒரு முறை இழுத்தாலே வாழ்க்கை போச்சு என்று மிரட்டுவதையும் நான் ஏற்கவில்லை. அது பொய் என்று கண்டுபிடிக்கும் பிள்ளை, அப்புறம் நாம் சொல்லும் எதையும் நம்பாது.

இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்னும் இல்லை. ஆனால் மனநல ஆலோசனையும், எண்ணப்போக்கையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சையும் பலருக்குப் பலன் தருகின்றன. அடுத்த இதழில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். முடிந்தால் ஒரு மனநல மருத்துவரைக் கேட்டு, விட்ட முதல் இரண்டு வாரம் எப்படி இருக்கும், தூக்கம் எப்போது திரும்பும், எந்தக் கட்டத்தில் உதவி தேட வேண்டும் என்று விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி