போகியில் எரித்தது நாங்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வள்ளலாரின் அச்சேறாத கடிதங்களைத் தேடி அலையும் ஆய்வாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவரின் உழைப்பை மறுக்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு வரி: வடலூர் வட்டாரத்துப் பழைய குடும்பங்கள் அருமை தெரியாமல் கடிதக் கட்டுகளைப் போகிக்குக் கொளுத்தியும் பழைய பேப்பர்காரரிடம் போட்டும் தீர்த்துவிட்டனவாம். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மாமனார் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே இருந்தவை வள்ளலாரின் கையெழுத்து என்று நாங்கள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. வள்ளலார் வடலூரில் தொடங்கிய அன்னதானச் சாலையான தருமச்சாலைக்கு அரிசி அனுப்பிய அன்பர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டவை. எத்தனை மூட்டை, யாருடைய வண்டி, பூசத்துக்கு யார் யார் வருகிறார்கள், இவ்வளவுதான். எட்டாக மடித்த தாள். மடிப்பில் விரல் பட்டால் உதிரும். மை அரித்து, சில இடங்களில் எழுத்து இருந்த இடமே ஓட்டையாகியிருந்தது. மாமனார் மஞ்சள் துணியில் சுற்றி வசம்பு போட்டு வைத்திருப்பார். பிள்ளைகள் கிட்டே போக முடியாது. 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் ஓட்டுக்கூரையைப் பிய்த்தபோது, நெல் மூட்டை நனைந்தால் நனையட்டும் என்று அந்தப் பெட்டியைத்தான் முதலில் பக்கத்து மெத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். இவரா அருமை தெரியாதவர்?

பெட்டி காலியானது அதற்குப் பிறகு. வள்ளலார் வரலாறு எழுதுவதாகச் சொல்லி வந்த ஒருவர், எங்கள் வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டார்; ஜெராக்ஸ் எடுத்து அடுத்த வாரமே தருவதாகச் சொல்லிக் கட்டோடு வாங்கிப்போனார். முதலில் போனை எடுத்தார். பிறகு எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே இல்லை. மாமனார் கண் மூடும்வரை தபால்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார். சில ஆண்டுகள் கழித்து ஒரு நூலில் அவற்றிலிருந்து இரண்டு துண்டுகளைப் பார்த்தேன். கீழே 'தனியார் சேகரிப்பு' என்று போட்டிருந்தது. எந்தத் தனியார்? நன்றிப் பக்கத்தில் மாமனாரின் பெயருக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.

தாங்கள் அறியாததல்ல: வள்ளலாரின் அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு அடிகள் எழுதிய கடிதங்கள் இன்று நமக்குக் கிடைப்பதே, பெற்றவர்கள் பத்திரப்படுத்தியதால்தான். அடிகள் தம் பாடல்களை அச்சுக்கு அனுப்பும்வரை ஒருவேளைதான் உண்பேன் என்று முதலியார் பிடிவாதம் பிடித்ததும், அதை விட்டுவிடச் சொல்லி அடிகள் மனம் இளகி எழுதியதும் வேறு எப்படித் தெரிந்திருக்கும்? 1867இல் அந்தப் பாடல்கள் திருவருட்பாவாக அச்சேறிய கதையே அதில்தான் இருக்கிறது. பிற்பாடு ஆ. பாலகிருஷ்ண பிள்ளை திருவருட்பாவை 12 புத்தகங்களாகப் பதிப்பித்தபோது கடிதங்களையும் அச்சிட்டார். வாங்கியதை ஊருக்குத் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர்.

2023இல் வள்ளலாரின் 200ஆவது பிறந்த ஆண்டைக் கொண்டாடினோம். 'உங்களிடம் உள்ள தாளை இங்கேயே படமெடுத்துக்கொள்ளட்டுமா' என்று கேட்டு எங்கள் தெருவுக்கு ஒருவரும் வரவில்லை. பாண்டிச்சேரியில் உள்ள சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது; பெருமைதான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் காகிதத்துக்கு அந்த அக்கறை ஏன் இல்லை? தங்கள் இதழுக்கும் புயல் அடித்தால்தான் கடலூர் நினைவுக்கு வருகிறது. இதை நெடுநாள் வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையாளருக்கு இந்தத் துறையில் பலரைத் தெரிந்திருக்கும். கட்டு யாரிடம் இருந்தாலும், அசலைக்கூட நான் கேட்கவில்லை. மாமனாரின் தாத்தா கையெழுத்திட்ட அந்த அரிசிக் கணக்குக் கடிதத்தின் நகல் ஒன்றைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தபால் செலவை நாங்கள் தந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.