உன் கத்தரிப்பூ நிறச் சேலை

பாலக்கோடு அருகிலிருந்து,
26.10.2025

அன்புள்ள தேவகி,

நலம். நீயும் பேரப்பிள்ளைகளும் நலம்தானே? நாலு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டுவதென்றால் திட்டிக்கொள். அதற்கு முன் இன்னொரு குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், இரண்டுக்கும் சேர்த்தே திட்டலாம். என் கல்யாணத்துக்கு நீ எடுத்துக்கொடுத்த கத்தரிப்பூ நிறச் சேலை இப்போது என் கடலைக் கொல்லைக்கு வேலியாக நிற்கிறது.

சேலை கட்டினால் காட்டுப்பன்றி மிரளும் என்று ஊரே சொன்னது. என்னுடையது பதினொன்று, அம்மா விட்டுப்போனது ஏழு, எல்லாவற்றையும் கட்டினேன். மூன்று நாள் மிரண்டன. நாலாம் நாள், வார்டனம்மா ஊருக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் செய்ததுபோலவே, அடியில் நுழைந்து வந்துவிட்டன. பிறகு முடிவெட்டும் கடையில் சாக்குப்பையோடு நின்று முடி வாங்கிவந்து வரப்பெல்லாம் தூவினேன். மண்ணை மோந்துகொண்டே வரும் பிராணி, மூக்கில் ஏறினால் திரும்பிவிடும் என்பது கணக்கு. அதுவும் ஒரு மழை வரைக்கும்தான். கணக்கு டீச்சர் ஊர் முடியைப் பொறுக்குகிறாள் என்று மல்லிகா சிரித்தாளாம். சிரிக்கட்டும். அவளுக்குக் கொல்லையும் இல்லை, தலையில் முடியும் இல்லை.

ஆடியில் விதைத்தது ஒன்றரை ஏக்கர். காய் முற்றி வரும் நேரத்தில் ஒரே இரவில் அரை ஏக்கர் போய்விட்டது. தின்றுவிட்டுப் போயிருந்தால்கூட வயிறு இவ்வளவு எரியாது. ஏர் ஓட்டியதுபோல் சால்சாலாகக் கிளறி, செடியைப் புரட்டிப் போட்டு, பிஞ்சைக்கூட மென்று துப்பிவிட்டுப் போயிருக்கின்றன. இந்த நிலக்கடலை விளைய 105, 110 நாள் ஆகும். பன்றி சினை சுமப்பது ஏறக்குறைய 115 நாள். நான் ஒரு வெள்ளாமை எடுத்து முடிக்கிற சமயத்தில் அது ஐந்தாறு குட்டி போட்டுவிடுகிறது. இந்தக் கணக்கை எந்த வகுப்பிலும் நான் நடத்தியதில்லை.

சொல்ல வந்தது இதுவல்ல, தேவகி. இனிமேல் எழுதுவதை நீ யாரிடமும் சொல்லாதே. உன் பெண்ணிடம்கூட.

அரை ஏக்கர் போன மறுநாள் என் தம்பி கம்பிச்சுருளோடு வந்தான். "அக்கா, மோட்டார் அறையிலிருந்து ஒரு ஒயர் இழுத்தால் போதும். விடிவதற்குள் கழற்றிவிடலாம்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் முளை அடித்தபோது டார்ச் பிடித்தது நான்தான். முழங்கால் உயரத்தில் கொல்லையைச் சுற்றிக் கம்பி கட்டி முடித்தபோது மணி பத்து. ஒயரையும் மாட்டிவிட்டோம். சுவிட்சைப் போட்டால் மின்சாரம் இல்லை. மழைக்கு எங்கோ அறுந்திருக்கும், வரட்டும் என்று சுவிட்சை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் அறைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அப்போது கொல்லைப் பக்கம் "அம்மா" என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மாதையன் பெரியப்பா கம்பியில் கால் தடுக்கிக் குப்புறக் கிடக்கிறார். தன் ராகிக்குக் காவல் போகிறவர், வெளிச்சம்கூட இல்லாமல் என் வரப்பு வழியாகக் குறுக்கே வந்திருக்கிறார். "முயலுக்குக் கண்ணி வைத்தீர்களா?" என்று கேட்டுச் சிரித்தார். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பரணருகே விட்டுவிட்டு நான் திரும்பும்போது மோட்டார் அறையில் விளக்கு எரிந்தது. அதற்குள் தம்பி ஒயரைப் பிடுங்கியிருந்தான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் இதே மாதிரிக் கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. கம்பி கட்டிய விவசாயியும் பன்றிக்காகத்தான் கட்டினார், ஜெயிலுக்குப் போனார். அன்றைக்கு வகுப்பில் பிள்ளைகளுக்கு எவ்வளவு புத்தி சொன்னேன் தெரியுமா? எல்லாம் தெரிந்த நானேதான் டார்ச் பிடித்தேன்.

போகட்டும். உன் கடிதத்தில், அங்கே அமெரிக்காவில், டெக்சாஸில் ஹெலிகாப்டரில் ஏறிப் பன்றி சுடுகிறார்கள், 2011இல் அதற்குச் சட்டமே வந்தது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் இந்த வருடத் தொடக்கத்தில் அரசு ஒரு வழி சொல்லியிருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 வரை பிடிக்கலாம். 3க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். டீக்கடையில் ஆளாளுக்குக் கைபேசியில் அளந்து பார்த்ததில் என் கொல்லை 2.8, தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் கொல்லை 3.1. பன்றி என் கடலையைத் தின்றால் கூண்டு, சாலையைத் தாண்டி அவர் ராகியைத் தின்றால் குண்டு. இந்த நியாயத்தை அதற்கு யார் போய் எடுத்துச் சொல்வது?

இதில் வேடிக்கை என்னவென்றால் அவை காட்டிலிருந்தே வரவில்லை. தூக்கம் வராத ஒரு விடியற்காலையில் சேற்றுக் குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போனேன். தடம் நம் ஏரிக்குள் இறங்கியது. ஏரி முழுக்கச் சீமைக்கருவேலம், பகலில்கூட உள்ளே இருட்டு. அங்கேதான் குடும்பம் குடும்பமாகப் படுத்துக் கிடக்கின்றன. உன் ஊரில் பன்றி வந்தேறி. ஸ்பெயின்காரன் டி சோட்டோ 1539இல் ஃபுளோரிடாவில் இறக்கியவற்றின் வழியிலும், பிற்பாடு வேட்டைக்கென்று கொண்டுவந்த ஐரோப்பியக் காட்டுப்பன்றியின் வழியிலும் பெருகியது. அங்கே மெஸ்கீட் என்கிறாயே, நம் சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட தங்கை, அந்த மரம்தான் உள்ளூர். இங்கே பன்றி நமக்கு முன்னாலேயே இருந்தது, மரம்தான் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. வந்தேறிக்குள் உள்ளூர்க்காரன் குடியிருக்கிறான், வாடகை என் கடலை.

இப்போது என் தலையில் ஏறியிருக்கும் பைத்தியம் இதுதான். ஏரி முள்ளை ஒரு பக்கமிருந்து வெட்டச் சொல்லி மனு எழுதிவிட்டேன், 43 கையெழுத்து. மல்லிகாவும் போட்டாள். கூடவே பட்டி போலப் பெரிய கூண்டு வைக்கும்படி வனத்துறையிடம் கேட்கப்போகிறேன். ஒன்றிரண்டைச் சுட்டால் மிச்சம் சிதறி நாலு ஊருக்குப் போகும். உங்கள் நாட்டு மிசூரி மாநிலத்தில் இதற்காகவே 2016இல் இயற்கைப் பாதுகாப்புத் துறையினர் தங்கள் நிலங்களில் பொதுமக்கள் பன்றி வேட்டையாடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று படித்தேன். கதவைத் திறந்துவைத்துப் பல நாள் தீனி போட்டு, கூட்டம் மொத்தமும் பழகி உள்ளே வந்த பிறகு மூடவேண்டுமாம். உன் பக்கத்து வீட்டுக்காரர் அப்படி ஒன்று வைத்திருக்கிறார் என்றாயே, விட்டம் எவ்வளவு, கம்பிவலை எவ்வளவு உயரம், கதவு எப்படி விழுகிறது என்று அளந்து எழுது. படம் வரைந்தால் நல்லது. உன் படத்தில் பன்றி மாடு மாதிரி இருக்கும் என்பது தெரியும், கூண்டை மட்டும் வரை.

பெரியப்பா நேற்று ராகிமாவு கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டேன். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

உன் சேலையை அவிழ்த்துத் துவைத்துப் போட்டிருக்கிறேன். ஓரத்தில் ஒரு முழம் கிழிசல். பன்றியா, முள்ளா தெரியவில்லை.

உன்,
சரசு