விருதுநகர் வியாபாரிகளே, பழைய பேரேடுகளை எடைக்குப் போடாதீர்கள்

விருதுநகரில் மண்டி நடத்தும் அண்ணாச்சிமாருக்கும், தொழிலை விட்டு சென்னை, மதுரை என்று போய்விட்ட அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கிட்டங்கியை, அதாவது சரக்கு வைக்கும் கோடவுனை, இடித்துக் கட்டும்போதும் சொத்தைப் பாகம் பிரிக்கும்போதும் முதலில் வெளியே போவது பழைய கணக்குப் புத்தகங்களான பேரேடும், அன்றாடக் கணக்கு எழுதும் சிட்டையும்தான். எடைக்குப் போட்டுவிடுகிறோம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள், இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நம் ஊர் என்றதும் காமராஜர் பிறந்த ஊர் என்பார்கள். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி 1956-ல் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்ட சங்கரலிங்கனாரைச் சொல்வார்கள். சரி, பெருமைதான். ஆனால் 1923 வரை விருதுபட்டியாக இருந்த இடத்தை இத்தனை பெரிய ஊராக்கியது பஜார். சுற்றிலும் வானம் பார்த்த கரிசல், ஆனாலும் மிளகாய் வத்தல், கொத்தமல்லி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எங்கெங்கோ இருந்து இங்கே வந்து கைமாறிப் போயின. இன்றைக்கும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்று பத்திரிகையில் விலை போடுகிறார்கள்.

அந்த வியாபாரத்தில் ஒரு துளியை ஊர்ப் பொதுக் காரியத்துக்கு மகமையாக எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரு கைப்பிடி அரிசி என்று பிடியரிசியும் வாங்கினார்கள். 1889-ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா அப்படி நடந்த பள்ளி, காமராஜர் படித்ததும் அங்கேதான். யார் எவ்வளவு கொடுத்தார்கள், பஞ்ச காலத்தில் வத்தல் என்ன விலைக்குப் போனது, எந்த ஊர் விவசாயிக்கு எத்தனை நாள் கடன், மூட்டை தூக்கியவருக்கு என்ன கூலி, இதெல்லாம் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் முழுசாகக் கிடைக்காது. உங்கள் கணக்குப்பிள்ளைகள் எழுதி வைத்ததில்தான் கிடைக்கும், அதுவும் அன்றன்றைக்கு எழுதியது என்பதால் அதற்கு மேல் சாட்சி கிடையாது.

வரவு செலவு வெளியே தெரியுமே என்ற தயக்கம் நியாயம்தான். அதனால் இப்போதைய கணக்கைக் கேட்கவில்லை, தாத்தா காலத்துக் கணக்கைத்தான் கேட்கிறேன். புத்தகமும் உங்களிடமே இருக்கட்டும். ஊரில் கல்லூரிகள் இருக்கின்றன, வரலாறு படிக்கும் பிள்ளைகளை வரவழைத்து பக்கம் பக்கமாகப் படம் எடுக்க விடுங்கள். பூச்சி அரித்தது, அட்டை போனது எல்லாம் சேர்த்திதான். அப்புறம், பழைய கணக்குப்பிள்ளை யாராவது இருந்தால் அவரையும் கூட உட்கார வையுங்கள், அந்தச் சுருக்கெழுத்தும் அளவுக் குறியும் அவருக்குத்தான் புரியும்.